பூஜ்யத்தில் தொடங்கும் அச்சு

ஜூலை 1, திங்கள்

மாதாந்திர ஆய்வுக் கூட்டம். எங்கள் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தின் சார்பில் துணை இயக்குநர் பரமானந்தம் சார் பதினான்கு வரைபடங்களைத் திரையில் காட்டினார். ஒன்பது வட்டப் படங்கள், எல்லாம் முப்பரிமாணம். சாகுபடிப் பரப்பைக் காட்டிய வட்டத்தில் பதினேழு துண்டுகள், பதினேழு நிறங்கள். ஒவ்வொரு துண்டும் மற்றவற்றோடு கோபித்துக்கொண்டதுபோல் விலகி நின்றது. புதிதாக வந்திருக்கும் கலெக்டர் அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுல நெல்லு எது?" என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். நெல்லும் பச்சை, பருத்தியும் பச்சை, தரிசும் பச்சை.

அடுத்தது நிலத்தடி நீர். கோடு கம்பீரமாக மேலே ஏறியது. "நல்ல ஏறுமுகம் மேடம்" என்றார் சார். அது தரையிலிருந்து எத்தனை மீட்டர் ஆழத்தில் நீர் இருக்கிறது என்ற அளவு. கோடு ஏறினால் தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். மூன்று ஆண்டுகளாக எங்கள் மாவட்டம் தண்ணீர் வற்றுவதைக் கைதட்டி வரவேற்றிருக்கிறது.

முடிவு: தெளிவான வரைபடம் போடுவது எப்படி என்று ஒரு கையேடு எழுதி, பன்னிரண்டு வட்டாரங்களின் ஊழியர்களுக்கும் ஆகஸ்டில் பயிற்சி தர வேண்டும். எழுத வேண்டியவன், புள்ளியியல் அலுவலர் மாசிலாமணி, அதாவது நான். அடுத்த மே மாதம் ஓய்வு பெறப்போகிறவனிடமிருந்து ஏதாவது ஒரு பயனைப் பெற்றுவிட அரசு நினைப்பது நியாயம்தான்.

ஜூலை 3, புதன்

விடுப்பு. மனைவி திலகாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மே மாதம் அவள் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மூடிவிட்டார்கள். எங்கள் அலுவலகக் கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்கும் இதுதான் சிகிச்சை என்பதால் எனக்கு நடைமுறை புரிந்தது.

டாக்டர் எஸ்தர் திலகாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், "இனிமே வருஷக் கணக்குல பேச வேணாம் சார். மாசக் கணக்குல பேசுவோம்" என்றார். எத்தனை மாதம் என்று கேட்டேன். "வாரா வாரம் எடை பாத்துக் குறிச்சு வைங்க. அதுவே சொல்லும்."

வரும் வழியில் திலகா, "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"எடை பாக்கச் சொன்னாங்க."

"அதுக்கா என்னைய வெளிய அனுப்புனாங்க?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 5, வெள்ளி

மெல்போர்னிலிருந்து மகள் வினோதினி பேசினாள். அங்கே வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. இந்த ஆண்டில் ஒரே ஒரு முறை, மூன்று வாரம் விடுப்புத் தருவார்களாம்.

"ஒரு தடவதான்ப்பா வர முடியும். சீக்கிரமா வந்துட்டுத் திரும்பிட்டா, அப்புறம் அம்மாவுக்கு ஒண்ணுன்னா வர முடியாது. லேட்டாவும் வந்துரக் கூடாது. எப்ப வரணும்னு நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்மா."

"சொல்ல மாட்டீங்க. உங்களப் பத்தித் தெரியும். வாரா வாரம் எடைய சார்ட் போட்டு அனுப்புங்க. வாய்ல பொய் சொன்னாலும் சார்ட்ல சொல்ல மாட்டீங்க."

சரி என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

எடைபார்க்கும் கருவி வாங்கினேன். ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒரு எடை சொல்கிறது. ஆகவே இரண்டு முறை ஏற்றி, சராசரி எடுப்பதென்று முடிவு. 51.4, 51.0. சராசரி 51.2. சித்திரையில் 58 இருந்தாள்.

எக்செலில் தாள் தயார். இரு அளவையும் கூட்டி இரண்டால் வகுக்கச் சூத்திரம். வரப்போகும் வாரங்கள் படத்தில் தெரியக் கூடாது. ஆனால் அந்தந்த ஞாயிறு வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ள வேண்டும். அதையும் சூத்திரத்திலேயே எழுதி, செப்டம்பர் 29 வரை கீழே இழுத்துவிட்டேன். ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை.

திலகா கருவியிலிருந்து இறங்கிக்கொண்டே, "ரெண்டு தடவ ஏத்துறீங்களே, ரேசன் கடைல கூட ஒரு தடவதான் நிறுப்பாங்க" என்றாள்.

ஜூலை 12, வெள்ளி

கையேட்டில் நான்கு பக்கம் முடிந்தது. திலகாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முப்பது வருடமாக வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்தவள். அளவு என்றால் என்ன என்று தெரிந்த வாசகி.

ஒன்று, ஒரு படம் ஒரு சேதிதான் சொல்ல வேண்டும். இரண்டு, அந்தச் சேதி தலைப்பிலேயே இருக்க வேண்டும். 'ஜூன் மாத மழையளவு' என்பது தலைப்பு அல்ல. 'ஜூனில் பாதி மழைதான் பெய்தது' என்பதுதான் தலைப்பு. "இது நல்லாருக்கு" என்றாள் திலகா.

நான்காம் பக்கம் அச்சைப் பற்றியது. பட்டைகளால் ஆன படத்தில் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் சிறிய வேறுபாடு பூதாகரமாகத் தெரியும். ஆனால் கோடுகளுக்கு அந்த விதி பொருந்தாது. 'காய்ச்சல் வரைபடத்தைப் பூஜ்யத்தில் தொடங்கினால் ஊரில் யாருக்கும் காய்ச்சலே இராது' என்று எழுதியிருந்தேன். திலகா சிரித்தாள். தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு இதுதான் முதல்.

அந்த வாக்கியத்தை நீக்கக் கூடாது.

ஜூலை 14, ஞாயிறு

50.1. இட்லி இரண்டு.

ஜூலை 21, ஞாயிறு

49.3. இப்போது மூன்று புள்ளிகள் சேர்ந்துவிட்டதால் கோடு என்று சொல்லத்தக்க ஒன்று உருவாகிவிட்டது. எக்செல் தன் விருப்பப்படி அச்சை 48-இல் தொடங்கியிருந்தது. கோடு மாடியிலிருந்து படியில் உருண்டு விழுவதுபோல் இருந்தது. இந்த மென்பொருளுக்குப் பதற்றப்படும் சுபாவம் உண்டு. அச்சின் குறைந்த அளவை 0 என்றும், அதிக அளவை 100 என்றும் மாற்றினேன். கோடு அமைதியடைந்தது. பூஜ்யத்தில் தொடங்கும் அச்சு நேர்மையானது என்பது கையேட்டிலேயே இருக்கிறது.

வினோவுக்கு அனுப்பினேன். 'கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு, பரவால்லப்பா' என்று பதில் வந்தது.

ஜூலை 24, புதன்

உதவி அலுவலர் நூர்ஜஹான் மேடம் ஒரு கோப்போடு வந்தார். "சார், தெக்கு வட்டாரத்துல மழை நின்னு போச்சு. ஜூலை மூணுல இருந்து பத்து வரைக்கும் ஒரு சொட்டு இல்ல. வறட்சின்னு லெட்டர் ரெடியாயிருச்சு, சார் கையெழுத்துப் போடப் போறாரு."

படத்தைப் பார்த்தேன். கோடு ஜூலை 3-இல் செங்குத்தாகப் பூஜ்யத்தில் விழுந்து, எட்டு நாள் தரையிலேயே நடந்து, பிறகு துள்ளி எழுந்திருந்தது. வட்டாரத்துக்குப் போன் போட்டேன். மழைமானியைப் பார்த்து எழுதுகிறவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். பந்தலில் மழைத் தண்ணீர் நின்று பந்தி தடைபட்டது என்பதை அவரே வருத்தத்தோடு தெரிவித்தார்.

கையேடு, பக்கம் பதினொன்று: தகவல் இல்லை என்பது வேறு, பூஜ்யம் என்பது வேறு. தகவல் இல்லாத இடத்தை வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள்.

"இதப் பரமானந்தம் சாருக்கு யாரு சொல்றது?" என்றார் நூர்ஜஹான் மேடம்.

"கையேடுதான்."

"அவரு எப்ப சார் கையேடு படிச்சாரு? அவரு ரிப்போர்ட்ல படம் மட்டும் பாக்குற ஆளு."

ஜூலை 28, ஞாயிறு

47.9. இட்லி ஒன்று.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

46.6. கருவியில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தோளைப் பிடித்தால் எடை குறைத்துக் காட்டும் என்று சொன்னேன். கையை எடுத்துவிட்டாள். பிறகு அவளே ஆடாமல் நின்றாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மத்தியானம் மிஷின் சத்தம் கேட்டது. வெளி வேலையை நிறுத்திவிட்டாளே என்று எட்டிப் பார்த்தேன். தன் மஞ்சள் ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "தொளதொளன்னு இருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வினோ பேசினாள்.

"அப்பா, செப்டம்பர் கடைசில எங்க ப்ராஜெக்ட் முடியுது. அப்ப வந்தா மூணு வாரமும் லேப்டாப்பத் தொறக்காம அம்மாகூடவே இருக்கலாம். கோடு கிட்டத்தட்ட நேராத்தான போகுது?"

"படத்துல அப்படித்தான் தெரியுது."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"உனக்கு எப்ப வசதியோ அப்ப வாம்மா."

திலகா பக்கத்தில்தான் படுத்திருந்தாள். போனை வாங்கிப் பேசவில்லை. தூக்கம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

45.0. கஞ்சி முக்கால் டம்ளர். மறுபடியும் மிஷின் சத்தம், ஐந்து நிமிடம்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பயிற்சி முதல் நாள். பன்னிரண்டு வட்டாரத்திலிருந்து இருபத்து மூன்று பேர். பரமானந்தம் சார் தொடக்க உரை ஆற்றினார். தெளிவு முக்கியம் என்பதைத் தெளிவில்லாமல் முப்பத்தைந்து நிமிடம் சொன்னார். அவருக்குப் பின்னால் திரையில் சுழன்றபடி ஒரு முப்பரிமாண உருளை.

பிறகு நான். பழைய படங்களைக் காட்டி என்ன தவறு என்று கேட்டேன். நிலத்தடி நீர்ப் படத்தின் அச்சைத் தலைகீழாக்கிக் காட்டியதும், தண்ணீர் இறங்குவது கண்ணால் தெரிந்தது. அவரவர் கிணறு அவரவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

ஓர் ஊழியர் எழுந்து, "ஐயா, கோட்டுப் படம்னாலும் கீழ ஜீரோலதான் ஆரம்பிக்கணுமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பக்கம் நான்கைப் பார்க்கச் சொன்னேன்.

"பக்கத்த அப்புறம் பாத்துக்கறோம், நீங்களே சொல்லுங்கய்யா."

நேரமாகிவிட்டது என்று தேநீர் இடைவேளை விட்டேன். மணி பத்தே முக்கால்தான். நூர்ஜஹான் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

42.8. ஒருமுறைதான் ஏற முடிந்தது. அதே எண்ணை இரண்டு கட்டங்களிலும் பதிந்தேன். முப்பத்து மூன்று வருடச் சேவையில் நான் பதிந்த முதல் பொய்த் தகவல் என்று எழுதலாம் என்றிருந்தேன். முதல் என்பது சரியாக இருக்குமா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

டாக்டர் எஸ்தரிடம் போனில் பேசினேன். எடைகளைச் சொன்னேன்.

"மகளுக்குத் தெரியுமா சார்?"

"வாரா வாரம் அனுப்புறேன் டாக்டர்."

"அப்ப கெளம்பியிருப்பாங்க."

"செப்டம்பர் கடைசில வர்றா."

"இந்த எடையெல்லாம் பாத்துட்டுமா?" என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

40.9. நான் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டேன். அதனால் இது கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம்.

படத்தை அனுப்பப் போகும்போது திலகா, "இங்க கொண்டாங்க, நானும் பாக்குறேன்" என்றாள். இதுவரை கேட்டதில்லை. மடிக்கணினியைக் கட்டிலில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கும்போது பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இது நானா?"

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கேன்."

திரையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தேன்.

"தலைப்பு என்ன போட்டிருக்கீங்க?"

"எடை, கிலோகிராமில்."

"தலைப்புலயே சேதி இருக்கணும்னு எனக்குப் படிச்சுக் காட்டுனீங்களே. இதுல என்ன சேதி?"

கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "கொடியில அந்த மஞ்ச ரவிக்கை கெடக்கும். எடுத்து உள்பக்கம் திருப்புங்க."

ரவிக்கை தைக்கும்போது விலாப் பக்கத்தில் உள்ளே கொஞ்சம் துணியை மிச்சம் விட்டு இரண்டு மூன்று தையல் ஓட்டுவார்கள். பின்னால் உடம்பு பூசினால் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் போதும், ரவிக்கை பெரிதாகிவிடும். திலகா எதையும் பிரிக்கவில்லை. உள்ளே உள்ளே தைத்துக்கொண்டே போயிருந்தாள். ஐந்து வரிசை. மஞ்சள் துணியில் சிவப்பு நூல்.

"வெளிய இருக்கறது சித்திரைல தச்சது. அடுத்தது ஆனி. அப்புறம் ஆடி பொறந்ததும் ஒண்ணு. கடைசி ரெண்டும் ஆடிப் பாதிக்கு மேல. வெரல வச்சுப் பாருங்க, கடைசிக்கும் அதுக்கு முந்தினதுக்கும் எம்புட்டு எடம் இருக்குன்னு."

விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் போனது.

"செவப்பு நூல் எதுக்கு?"

"நல்லாத் தெரியணும்ல? நீங்க எப்பவாச்சும் பாப்பீங்கன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்க படத்துல கீழ எம்புட்டு எடம் சும்மா கெடக்கு. நான் என்னைக்குங்க ஜீரோ கிலோவுல இருந்தேன்?"

"பூஜ்யத்துல ஆரம்பிக்கணும்னு ஒரு விதி இருக்கு திலகா."

"இருக்கும். வினோ வந்துட்டா நான் போயிருவேன்னு நெனைக்கிறீங்க."

"அப்படியெல்லாம் இல்ல."

"அவ வரலைன்னாலும் போவேன்ங்க. அவ வந்து, நான் போகணும். அவ்வளவுதான்."

படத்தை நகலெடுத்து, நகலில் அச்சை 'தானாக' என்று மாற்றினேன். சரிவு பெரிதாகிவிட்டதால் இப்போது எக்செலே பூஜ்யத்தைத் தேர்ந்தெடுத்தது. பழியை அதன்மேல் போடலாம் என்று ஒரு விநாடி தோன்றியது. பிறகு கீழே 38, மேலே 60 என்று கையால் அடித்தேன். சித்திரையின் 58-ஐயும் முதல் புள்ளியாகச் சேர்த்தேன். கோடு மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு விழுந்தது. தலைப்பை அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்: 'அம்மா வேகமாக் குறையுறேன். இப்பவே வா.' கையேட்டின்படி நான் போட்ட ஒரே சரியான தலைப்பு இதுதான். அதுவும் என்னுடையதல்ல.

மாலை 5.10-க்கு அனுப்பினேன். 5.21-க்குப் பதில்: 'அப்பா, இது என்ன?'

பிறகு போன் வந்தது. அதை எழுத வேண்டியதில்லை. புதன்கிழமைக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. வியாழன் காலை ஒன்பதரைக்கு மதுரை.

ஆகஸ்ட் 26, திங்கள்

தண்ணீர் நான்கு ஸ்பூன். "இன்னைக்கு என்ன கெழம?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் திங்கள் என்றேன். வியாழனுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதைக் கேட்கும் விதம் அது என்று மூன்றாவது முறைதான் புரிந்தது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வினோ வீடியோவில் வந்தாள். பெட்டியைக் காட்டினாள். திலகா தலையை ஆட்டினாள். "ஸ்வெட்டர் எதுக்குடி, இங்க வேகுது" என்றாள். மெதுவாகத்தான், ஆனால் வினோவுக்குக் கேட்டது.

ஆகஸ்ட் 28, புதன்

பிற்பகல் 3.50.

ஆகஸ்ட் 29, வியாழன்

வினோ வந்தாள். அழைத்து வரப் போன மச்சினனிடம், வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். தேவைப்படவில்லை. சென்னையில் இறங்கிப் போனை உயிர்ப்பித்ததும் முதலில் கண்ணில் பட்டது அவள் சித்தி மகன் வைத்திருந்த ஸ்டேட்டஸாம். திலகாவின் படம், பக்கத்தில் ஒரு விளக்கு. தலைப்பு ஏதும் இல்லை. சேதி தெளிவாக இருந்திருக்கிறது.

கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தாள். பார்க்காமல் இருந்ததே பரவாயில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் பழக்கத்தில் எடைபார்க்கும் கருவியை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். வினோ அதைத் தாண்டிப் போனாள். திருப்பி உள்ளே வைத்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நூர்ஜஹான் மேடம் துக்கம் விசாரிக்க வந்தார். அச்சடித்த கையேட்டை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். கொடுக்கலாமா என்று தயங்கிவிட்டு, "அக்காவுக்குப் படிச்சுக் காட்டுன புத்தகமாச்சேன்னுதான் சார் கொண்டாந்தேன்" என்றார். திங்கள் கூட்டத்தில் கலெக்டர் அம்மா பாராட்டினாராம். மாவட்டத்திலேயே புரிகிற மாதிரி எழுதப்பட்ட முதல் அரசுப் பிரசுரம் என்றாராம். பரமானந்தம் சார் நன்றி தெரிவித்தாராம்.

"வட்டப் படம் எத்தன போட்டாரு?"

"ஒண்ணுதான் சார். ஆனா பெருசா."

வினோ காப்பி கொண்டுவந்து வைத்தாள். கையேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் வாசலில் நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்தேன். வினோ வந்து எதிரே உட்கார்ந்தாள். கையேட்டை விரித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல் வாசித்தாள்.

"காய்ச்சல் வரைபடத்தைப் பூஜ்யத்தில் தொடங்கினால் ஊரில் யாருக்கும் காய்ச்சலே இராது."

மூடினாள்.

"இத எப்பப்பா எழுதுனீங்க?"

"ஜூலை பன்னெண்டு."

"எனக்கு மொத சார்ட் அனுப்புனது?"

"ஜூலை இருபத்தி ஒண்ணு."

அவள் கணக்கில் கெட்டிக்காரி. கழித்துப் பார்க்க நேரம் எடுக்கவில்லை.

"நம்பர் எல்லாம் சரியாத்தானம்மா இருந்துச்சு" என்றேன். "ஒரு எண்கூட மாத்தல. எல்லாப் புள்ளியும் அந்தந்த எடத்துலதான் இருந்துச்சு."

"தெரியும்ப்பா. அதான் நம்புனேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து போய்க் காப்பி டம்ளரைக் கழுவினாள். ஒரு டம்ளரைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

செப்டம்பர் 12, வியாழன்

பதினாறாம் நாள் காரியம். எல்லோரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். "மக மூணு வாரம் இருக்காளே, அது ஒரு ஆறுதல்" என்று பலரும் சொன்னார்கள். அந்த மூன்று வாரத்தை அவள் அம்மாவோடு ஒரு நாளும் செலவழிக்காமல் முழுசாகச் சேமித்து வைத்திருந்தாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வினோ, "அம்மா எடையெல்லாம் இருக்கற அந்த ஃபைலத் தொறங்கப்பா, பாக்கணும்" என்றாள்.

திறந்தேன். இரண்டு படங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேலே என் பழைய படம். அதில் கோடு ஆகஸ்ட் 25 வரைக்கும் அமைதியாக வந்து, பிறகு செங்குத்தாகத் தரையில் விழுந்து, தரையிலேயே மூன்று வாரம் நடந்திருந்தது. செப்டம்பர் 1, 0. செப்டம்பர் 8, 0. செப்டம்பர் 15, 0. ஒவ்வொரு ஞாயிறும் தேதி வந்ததும் சூத்திரம் விழித்துக்கொண்டு, காலியான இரண்டு கட்டங்களைக் கூட்டி, இரண்டால் வகுத்து, பதிலைப் பதிந்திருக்கிறது. தன் வேலையை ஒரு வாரமும் தவறவிடவில்லை. கீழே சும்மா கிடப்பதாகத் திலகா சொன்ன அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. ஜூலையிலேயே ஒதுக்கி வைத்தவன் நான்.

"இது பூஜ்யம் இல்லம்மா" என்றேன். "தகவல் இல்லாத எடம். எக்செல் தப்பாக் காட்டுது. தகவல் இல்லைங்கறது வேற, பூஜ்யங்கறது..."

சுட்டியை முதல் பூஜ்யத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன்.

வினோ என் கையைச் சுட்டியிலிருந்து எடுத்துவிட்டு, அந்த மூன்று கட்டங்களையும் ஒவ்வொன்றாக அழித்தாள். கோடு தரையிலிருந்து எழுந்து, ஆகஸ்ட் 25-இல் போய் நின்றது. அதற்கப்புறம் வெள்ளை. என் கையை அவள் விடவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

செப்டம்பர் 18, புதன்

விமான நிலையம். பெட்டியில் மஞ்சள் ரவிக்கையை உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து வைத்திருந்தாள். எடைக் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா. எனக்கு இது போதும்" என்றாள். பிறகு, "உங்க எடையப் பாத்து வாரா வாரம் அனுப்புங்க" என்றாள்.

"சார்ட்டா?"

"வேணாம். போன்ல சொல்லுங்க."

செப்டம்பர் 22, ஞாயிறு

61.5. சட்டைப் பையில் சாவி இருந்தது. ஒருமுறைதான் ஏறினேன். வினோவிடம் போனில் சொன்னேன்.

பிறகு திலகாவின் கோப்பைத் திறந்தேன். எதிர்பார்த்ததுதான். இன்றைய தேதியில் புதிதாக ஒரு பூஜ்யம். கோடு மறுபடி தரையில். அழித்தேன். கோடு திரும்பிப் போய் அதன் இடத்தில் நின்றது.

29-ஆம் தேதிக்கான சூத்திரம் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதையும் இன்றே அழித்திருக்கலாம். விட்டுவைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கும் ஒரு வேலை வேண்டும்.